கை கழுவ ஒரு பாட்டு, தூங்க வேறு பாட்டு

இரண்டு வயதுக் குழந்தைக்கு "கை கழுவு" என்று பத்து முறை சொல்வதைவிட ஒரே மெட்டை நாலு நாள் பாடுவது வேலை செய்யும். ஒரு வேலைக்கு ஒரு மெட்டு, அதை மாற்றக் கூடாது. கை கழுவும் பாட்டையே குளிக்கும்போதும் பாடினால் எதற்கான பாட்டு என்று குழந்தைக்குக் குழம்பும்.

கையில் சோப்பைத் தேய்க்க 20 விநாடி வேண்டும். நாலு வரி போதும்: "உள்ளங்கை தேய் தேய், புறங்கை தேய் தேய், விரலிடுக்கு தேய் தேய், கட்டைவிரல் தேய் தேய்." ஒவ்வொரு வரியையும் நிதானமாக இரண்டு தடவை பாடுங்கள். குழாயை மூடி, நுரை வந்த பிறகே தொடங்க வேண்டும். தண்ணீர் ஓடும்போதே ஆரம்பித்தால் பாட்டு முடிவதற்குள் சோப்பு போய்விடும். அவசரத்தில் வேகமாகப் பாடினால் எட்டே விநாடியில் முடிந்துவிடும், கடிகாரம் பார்த்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பொம்மைகளை எடுத்து வைக்க, "இன்னும் ரெண்டு தடவைதான் விளையாட்டு" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பிறகு பாடுங்கள். திடீரென்று பாடினால் அழுகைதான்.

தூங்க வைக்கும் பாட்டில் கைதட்டல் வேண்டாம். ஒவ்வொரு சுற்றுக்கும் குரலைத் தாழ்த்தி, வேகத்தைக் குறையுங்கள்.

போனில் போட்டுவிடாதீர்கள். திரையைப் பார்த்ததும் கை நின்றுவிடும். சுருதி தப்பினாலும் பரவாயில்லை, குழந்தை மார்க் போடாது. பாட்டியும் ஆயாவும் அதே மெட்டில் பாட வேண்டும், அவ்வளவுதான்.