மிரர்லெஸ்ஸா, சூப்பர்ஜூமா? ஒரே மாலையில் நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

சூப்பர்ஜூம் என்பது லென்ஸைக் கழற்ற முடியாத, மிக நீண்ட ஜூம் உள்ள கேமரா. மிரர்லெஸ் என்பது உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய கேமரா. கேமரா வாங்கப் போகிறவர்கள் என்னிடம் வந்து கேட்கும் முதல் கேள்வி ஜூம் பற்றித்தான் இருக்கும். "இந்தச் சின்னக் கேமராவில் 83 மடங்கு ஜூம். அந்தப் பெரிய மிரர்லெஸ்ஸுக்குத் தரும் லென்ஸில் மூன்று மடங்குதான். அப்புறம் ஏன் அதற்கு அவ்வளவு விலை?" நியாயமான கேள்வி. கேமராவோடு வரும் விவர அட்டவணையில் இருக்கும் எண்களில் பொய் ஏதும் இல்லை. எந்த எண் எந்த நேரத்தில் படத்தைக் காப்பாற்றும், எப்போது கைவிடும் என்பதைத்தான் அட்டவணை சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொள்ள இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து, ஒரே பொருளைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

நான் நான்கு ஆண்டுகள் சூப்பர்ஜூம் மட்டுமே வைத்திருந்தேன். இப்போது வேலைக்கு மிரர்லெஸ். இரண்டின் மேலும் எனக்குப் பிரியம் உண்டு. இரண்டையும் தெரிந்தவர்களிடமிருந்தோ வாடகைக்கோ ஒரு நாள் வாங்கிக்கொள்ளுங்கள். பிற்பகலில் தொடங்கி, இருட்டியபின் நிலாவைப் படம் எடுத்து முடிக்கும் வரை போதும். வளர்பிறையில் ஏழாம், எட்டாம் நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

எண்களோடு பேசினால்தான் புரியும் என்பதால் இரண்டு கேமராக்களை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். ஒன்று 2015-இல் வந்த நிகான் பி900 சூப்பர்ஜூம். மற்றொன்று 2021-இல் வந்த நிகான் இசட்9 மிரர்லெஸ். அதோடு 180–600 மி.மீ. லென்ஸும், சாதாரண வேலைக்கு 50 மி.மீ. வரும் ஒரு சிறிய லென்ஸும். இந்த மி.மீ. எண்தான் லென்ஸின் குவியத் தூரம்; அது கூடக் கூடக் காட்சி நெருங்கித் தெரியும். உங்கள் கையில் வேறு கேமரா இருந்தாலும் கணக்கு இதேதான்.

படி 1: தொடங்கும் முன் அணைக்க வேண்டியவை

சூப்பர்ஜூமில் டிஜிட்டல் ஜூமை முதலில் அணையுங்கள். லென்ஸ் முடிந்த இடத்துக்கு அப்பால் கேமரா படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான் அது. புது விவரம் எதுவும் வராது. ஐஎஸ்ஓ என்பது படத்தின் பிரகாசத்தைக் கூட்டும் அமைப்பு; அதைக் கேமராவே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ ஐஎஸ்ஓவையும் இரண்டிலும் அணைத்துவிடுங்கள். இரண்டு லென்ஸையும் துடையுங்கள். சூப்பர்ஜூமின் முன் கண்ணாடியில் ஒரு விரல் ரேகை இருந்தாலே முழு ஜூமில் படம் மங்கிப் போகும்.

ரா என்பது கேமரா திருத்தாத மூலக் கோப்பு; ஜேபெக் என்பது கேமராவே திருத்திச் சுருக்கித் தரும் படம். இரண்டும் ரா கோப்பு தரும் என்றால் ரா, ஜேபெக் இரண்டையும் சேமியுங்கள். பி900 ரா தராது. அப்படிப்பட்ட கேமரா என்றால் ஒப்பிடுவதற்கு இரண்டிலும் ஜேபெக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் ராவை நன்றாகத் திருத்திவிட்டு மற்றதன் ஜேபெக்கோடு வைத்துப் பார்ப்பது சரியான ஒப்பீடு ஆகாது. ட்ரைபாட் கட்டாயம் வேண்டும். ட்ரைபாடில் வைத்தபின் நடுக்கத் தடுப்பை அணைத்து, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள்.

படி 2: இரண்டும் ஒரே காட்சியைப் பார்க்கச் செய்வது

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. பி900-இன் லென்ஸ் வளையத்தில் 4.3–357 மி.மீ. என்று பொறித்திருக்கும். விளம்பரத்தில் 24–2000 மி.மீ. என்று இருக்கும். இரண்டும் உண்மை. சென்சார் என்பது லென்ஸ் வழியாக வரும் ஒளியைப் பதியும் சில்லு. இசட்9-இல் இருப்பது ஃபுல் ஃப்ரேம் சென்சார்; அதன் அளவு 36 × 24 மி.மீ. இந்த வகை சூப்பர்ஜூமின் சென்சார் ஏறக்குறைய 6.2 × 4.6 மி.மீ., அதாவது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. சின்ன சென்சார் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் பிடிப்பதால் எல்லாம் 5.6 மடங்கு நெருங்கித் தெரியும். 357-ஐ 5.6-ஆல் பெருக்கிப் பாருங்கள், 2000 வந்துவிடும்.

ஆகவே மிரர்லெஸ்ஸில் 50 மி.மீ. வைத்தால் சூப்பர்ஜூமில் ஏறக்குறைய 9 மி.மீ. வைக்க வேண்டும். கணக்கு வேண்டாம் என்றால் சுவரில் இரண்டு துண்டுக் காகிதங்களை ஒட்டுங்கள். அவை இரண்டும் படத்தின் இடது, வலது ஓரங்களைத் தொடும் வரை ஜூம் செய்யுங்கள். நான் இன்றும் இப்படித்தான் செய்கிறேன். சூப்பர்ஜூமின் படம் சற்று உயரமாக இருக்கும். அகலம் ஒத்துப்போனால் போதும்.

படி 3: நல்ல வெயிலில்

நிறைய சின்ன விவரங்கள் உள்ள ஒரு காட்சியைத் தேர்ந்தெடுங்கள். இலை அடர்ந்த மரம், செங்கல் சுவர், எழுத்துகள் நிறைந்த பலகை எதுவானாலும் சரி. 50 மி.மீ. காட்சியில், குறைந்த ஐஎஸ்ஓவில், இரண்டிலும் மும்மூன்று படங்கள்.

கணினியில் பார்க்கும்போது ஒரு தவறு செய்யாதீர்கள். நான் முதன்முதலில் ஒப்பிட்டபோது இரண்டையும் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்து, சூப்பர்ஜூமை ஒதுக்கிவிட்டேன். ஒன்றில் 4.5 கோடி பிக்சல், மற்றதில் 1.6 கோடி. நூறு சதவீதத்தில் இரண்டும் வெவ்வேறு அளவிலான படங்கள். இரண்டையும் 3000 பிக்சல் அகலத்துக்குச் சுருக்குங்கள். பிறகு வீட்டில் யாரையாவது கோப்புகளின் பெயரை மாற்றித் தரச் சொல்லுங்கள். எது எந்தக் கேமரா என்று தெரியாமல் பாருங்கள்.

நல்ல வெயிலில், இந்த அளவில், பலராலும் உடனே பிரித்துச் சொல்ல முடியாது. வானமும் நிழலும் சேர்ந்திருக்கும் இடங்களில் மட்டும் வேறுபாடு தெரியும். சின்ன சென்சாரில் வெள்ளை மேகம் சீக்கிரம் வெளுத்து விவரம் இல்லாமல் போய்விடும். வெயில் நேரத்துச் சுற்றுலாப் படங்களுக்கு சூப்பர்ஜூம் போதும் என்று நான் தயங்காமல் சொல்வது இதை நேரில் பார்த்ததால்தான்.

படி 4: ஓடி வருபவரைப் பிடிப்பது

வெளிச்சம் இருக்கும்போதே இதையும் முடித்துவிடுங்கள். ஒருவரை இருபது மீட்டர் தள்ளி நிறுத்தி, உங்களை நோக்கி வேகமாக நடந்து வரச் சொல்லுங்கள். இரண்டிலும் 300 மி.மீ.க்குச் சமமான ஜூம், நகரும் ஆளை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸ், ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/500 விநாடி. இருபது படம் எடுத்து, கண் தெளிவாக உள்ளவற்றை எண்ணுங்கள்.

இந்த வகை சூப்பர்ஜூம்களில் பெரும்பாலானவை லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, எங்கே கூர்மை அதிகம் என்று தேடிப் பார்த்து ஃபோகஸ் செய்பவை. அது தேடி முடிப்பதற்குள் ஆள் இரண்டடி முன்னால் வந்திருப்பார். தொழில்முறை மிரர்லெஸ்ஸின் சென்சாரிலேயே, எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்று அளந்து சொல்லும் புள்ளிகள் இருக்கின்றன. கண்ணைத் தானே கண்டுபிடித்துப் பின்தொடரும். பி900 விநாடிக்கு ஏழு வீதம் ஏழு படம் எடுத்துவிட்டு, அவற்றை எழுதி முடிக்க நின்றுவிடும். ஆகவே அதற்கு மூன்று சுற்று நடக்கச் சொல்ல வேண்டியிருக்கும். இசட்9 விநாடிக்கு இருபது ரா படம் எடுக்கும். குழந்தைகளின் விளையாட்டு, பறக்கும் பறவை, மேடை நடனம் இவைதான் உங்கள் ஆசை என்றால், இந்த ஒரு சோதனையிலேயே உங்களுக்கு விடை கிடைத்துவிடும்.

படி 5: சூரியன் மறைந்தபின்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. செய்து பார்த்தால் சென்சார் அளவு என்றால் என்ன என்பது ஆயுளுக்கும் மறக்காது.

ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் பரப்பு 864 சதுர மி.மீ. சின்ன சென்சாரின் பரப்பு 28 சதுர மி.மீ. ஏறக்குறைய முப்பது மடங்கு. மழையில் ஓர் அண்டாவையும் ஒரு டம்ளரையும் வைத்ததுபோல. ஒரே மழை, ஒரே நேரம், பிடிக்கும் தண்ணீர் வேறு. வெளிச்சத்தைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் ஐந்து தடவையில் முப்பதில் ஒரு பங்கு ஆகிவிடும். ஐஎஸ்ஓ 200-ஐ ஐந்து தடவை இரட்டித்தால் 6400. அதாவது சின்ன சென்சாரில் ஐஎஸ்ஓ 200-இல் வரும் படத்தின் சொரசொரப்பு, பெரிய சென்சாரில் ஏறக்குறைய ஐஎஸ்ஓ 6400-இல்தான் வர வேண்டும்.

இதை நம்ப வேண்டாம், எடுத்துப் பாருங்கள். சூரியன் மறைந்து பத்து நிமிடம் கழித்து, வெளியில் ஒரு துணியைத் தொங்கவிடுங்கள். இரண்டிலும் அப்பர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளை, எஃப் 4. சூப்பர்ஜூமில் ஐஎஸ்ஓ 200, 1/60 விநாடி. மிரர்லெஸ்ஸில் ஐஎஸ்ஓ 6400, 1/2000 விநாடி. இரண்டு படமும் ஒரே பிரகாசத்தில் வரும். பிரகாசம் கூடினாலோ குறைந்தாலோ இரண்டு ஷட்டர் வேகத்தையும் ஒரே அளவு மாற்றுங்கள். மின்விளக்கு வெளிச்சத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். 1/2000 விநாடியில் எல்இடி விளக்கின் துடிப்பு படத்தில் பட்டை பட்டையாக விழக்கூடும்.

இரண்டையும் ஒரே அளவுக்குச் சுருக்கி வைத்துப் பாருங்கள். சூப்பர்ஜூமின் மிக நல்ல நிலையும் மிரர்லெஸ்ஸின் சிரமமான நிலையும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பது தெரியும். அப்புறம் வீட்டுக்குள் வந்து, ஒருவரின் முகத்தை இரண்டிலும் ஐஎஸ்ஓ 6400-இல் எடுங்கள். இம்முறை இரண்டுக்கும் ஒரே ஷட்டர் வேகம், 1/60. சூப்பர்ஜூம் புள்ளிகளை மறைக்க எல்லாவற்றையும் மழுக்கிவிடும். தலைமுடி தனித்தனி இழையாக இல்லாமல் சாயம் பூசியது போலத் தெரியும். மங்கிய வெளிச்சம் உள்ள திருமண மண்டபத்தில் இந்தக் கேமராவை வைத்துக்கொண்டு நான் பட்ட கஷ்டம் இன்றும் நினைவிருக்கிறது. அன்று எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் அச்சிடத் தேறியவை சிலவே.

படி 6: நிலா

அரை நிலாவைச் சொன்னதற்குக் காரணம் இதுதான். பௌர்ணமியில் சூரிய ஒளி நேராக விழுவதால் நிலவின் பள்ளங்களுக்கு நிழலே இருக்காது. படம் தட்டையாக வரும். அரை நிலாவில் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே ஒவ்வொரு பள்ளமும் நிழலோடு எழுந்து நிற்கும். சூரியன் மறையும்போதே நிலா உயரத்திலும் இருக்கும்.

இரண்டிலும் முழு ஜூம், ஐஎஸ்ஓ 200, 1/125 விநாடியில் தொடங்கி, நிலாவின் வெளிச்சம் வெளுத்துப் போகாதவரை மாற்றிக்கொள்ளுங்கள். சூப்பர்ஜூமின் திரையில் நிலா மிகப் பெரிதாக நிற்கும்; மிரர்லெஸ்ஸில் நடுவில் சின்ன வட்டம். ஒரு லென்ஸ் சென்சாரில் பதிக்கும் நிலாவின் விட்டம், குவியத் தூரத்தில் 110-இல் ஒரு பங்கு. பி900-இல் அது 3.2 மி.மீ.; அந்தச் சின்னப் பிக்சல்களில் நிலா 2400 பிக்சல் அகலம் வரும். இசட்9, 600 மி.மீ.யில் நிலாவின் அகலம் 1250 பிக்சல்தான். பிக்சல் கணக்கில் சூப்பர்ஜூமுக்கு இரண்டு மடங்கு.

ஆனால் மிரர்லெஸ் படத்தை வெட்டிப் பெரிதாக்கி அருகருகே வையுங்கள். பள்ளங்களின் விளிம்பு அதில்தான் கூர்மையாக இருக்கும். ஒளி ஒரு துளை வழியாக நுழையும்போது சற்றே விரியும். துளை சிறுக்கச் சிறுக்க, விரிவு கூடும். குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் அகலம் கிடைக்கும். முழு ஜூமில் 357 மி.மீ.யை எஃப் 6.5-ஆல் வகுத்தால் பி900-இன் துளை 55 மி.மீ. 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95 மி.மீ. பி900-இல் ஒரு நட்சத்திரத்தின் ஒளிப்புள்ளி ஆறு பிக்சல்களுக்கு மேல் பரவிக் கிடக்கும். மற்றதில் இரண்டு பிக்சல். தொலைவில் உள்ள விவரத்தைக் கொண்டு வருவது முன்கண்ணாடியின் அகலம். ஜூம் மடங்கு அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 55 மி.மீ. என்பது சின்ன விஷயம் இல்லை. ட்ரைபாட் கூட இல்லாமல் ஒரு குழந்தைக்கு நிலாவின் பள்ளங்களைத் திரையில் காட்டி, அது வாய் பிளந்து பார்ப்பதைப் பார்க்க இந்தக் கேமரா போதும். 2000 மி.மீ.யில் தெரியும் காட்சியின் அகலம் ஒரு டிகிரிதான். கையை நீட்டிப் பிடித்தால் உங்கள் கட்டைவிரல் மறைக்கும் அகலத்தில் பாதி. பறவையோ நிலாவோ சட்டென்று காணாமல் போகும். ஜூமைக் கொஞ்சம் பின்னிழுத்து, மீண்டும் பிடித்து, திரும்ப முன்னே போகப் பழகுங்கள்.

பகலில் தொலைதூரப் பொருளை வைத்து இந்தச் சோதனையைச் செய்தால், தரையிலிருந்து எழும் சூட்டுக் காற்று இரண்டு படத்தையும் ஒன்றுபோல அலைய வைத்துவிடும். அங்கே எந்த லென்ஸும் உதவாது.

படி 7: தோளில் மாட்டிக்கொண்டு நடப்பது

பி900-இன் எடை 899 கிராம். இசட்9-ம் 180–600 லென்ஸும் சேர்ந்து ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. அகன்ற காட்சிக்கு இன்னொரு லென்ஸும் தூக்க வேண்டும். இரண்டையும் ஒவ்வொரு மணி நேரம் தோளில் போட்டு நடந்து பாருங்கள். கடையில் கையில் வாங்கிப் பார்க்கும்போது இது தெரியாது.

கடைசியாக, உங்கள் ஃபோனில் கடந்த ஓராண்டில் எடுத்த படங்களில் இருநூறைத் திறந்து மூன்றாகப் பிரியுங்கள்: வெயிலில் அசையாமல் நின்றவை, மங்கிய வெளிச்சத்தில் எடுத்தவை, ஓடியும் பறந்தும் கொண்டிருந்தவை. முதல் குவியல் பெரிது என்றால் சூப்பர்ஜூமை வாங்கி, மிஞ்சும் பணத்தில் நல்ல ட்ரைபாட் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற இரண்டும் பெரிது என்றால் மிரர்லெஸ்ஸுக்குக் காத்திருங்கள்; தொழில்முறை உடல் (லென்ஸ் இல்லாத கேமரா) எட்டாவிட்டால், ஒரு தலைமுறை பழைய உடலும் அகன்ற கண்ணாடி கொண்ட ஒரே ஒரு நல்ல லென்ஸும் போதும்.