நிற்கும் காரில் பெட்ரோல் கெடாமலிருக்க

மகனைப் பார்க்க வெளிநாடு போகிறவர்கள், காரைத் தோட்டத்துச் சாளையில் நாலைந்து மாதம் நிறுத்திவிட்டுப் போவது எங்கள் கோபி பக்கம் சகஜம். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி அடைமழையில் கேட்கவே வேண்டாம். டேங்க் பாதி காலியாக இருந்தால் ஈரம் சேர இடமும் அதிகம்.

கிளம்பும் முன், பெட்ரோல் சீக்கிரம் கெடாமல் காக்கும் ஃபியூல் ஸ்டெபிலைசர் என்ற திரவத்தை, அதன் பாட்டிலில் போட்டிருக்கும் அளவுக்கு டேங்கில் ஊற்றி, அதன்மேல் புது பெட்ரோலை நிரப்புங்கள். அப்புறம் 10 நிமிடம் வண்டியை ஓட்டுங்கள். பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். கலந்த பெட்ரோல், இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வரை போய்ச் சேர வேண்டுமே! ஏற்கெனவே கெட்ட பெட்ரோலை ஸ்டெபிலைசர் சரிசெய்யாது. டீசல் வண்டிக்கு வேறு பாட்டில். களை வெட்டும் மிஷினுக்கு இந்தச் செலவே வேண்டாம், டேங்கைக் காலிசெய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் போதும்.