பிரிட்டன் பொதுத் தேர்தல்: யாருக்கு ஓட்டு என்று முடிவெடுப்பது எப்படி? (முதல்முறை வாக்காளர்களுக்கு)

பிரிட்டனில் அடுத்த பொதுத் தேர்தல் 2029 ஆகஸ்டு நடுவுக்குள் நடந்தாக வேண்டும். பிரதமர் நினைத்தால் அதற்கு முன்பே எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம். தேதி அறிவித்துவிட்டால் கையில் ஐந்தாறு வாரம்தான் இருக்கும், அந்த நாட்களில் டிவி, வாட்ஸப், வேலையிடம், கோவில் வாசல் என்று எங்கே போனாலும் ஒரே சண்டையாக இருக்கும். 2019 டிசம்பரில் பிரெக்சிட்டை (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதை) வைத்து நடந்த தேர்தலைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அதனால் சூடு ஏறும் முன்பே உட்கார்ந்து யோசிக்க ஒரு வழி சொல்கிறேன். யாருக்குப் போட வேண்டும் என்று சொல்லப் போவதில்லை, எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது என்பது மட்டும்தான்.

படி 1: உங்களுக்கு ஓட்டு இருக்கிறதா?

"நான் விசாவில்தானே இருக்கிறேன்" என்று நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். இந்த நாடுகளில் ஒன்றின் பாஸ்போர்ட் வைத்திருந்து, 18 வயதாகி, இங்கே தங்குவதற்கான அனுமதியோடு வசிக்கிறீர்கள் என்றால் பொதுத் தேர்தலில் உங்களுக்கு ஓட்டு உண்டு. படிக்க வந்தவராக இருந்தாலும் சரி, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாலும் சரி, பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியிருக்க வேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், பிரான்சிலோ ஜெர்மனியிலோ குடியுரிமை வாங்கிவிட்டு லண்டனுக்கு வந்து பல வருடம் வரி கட்டிக்கொண்டிருக்கும் ஈழத்தமிழருக்கு இந்தத் தேர்தலில் ஓட்டு கிடையாது. ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களில் அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ்காரர்களுக்கு மட்டும்தான் உண்டு. போன வருடம் சென்னையிலிருந்து வந்த மாணவருக்கு உண்டு! நியாயமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. சட்டம் அப்படி.

பெயர் பதிவதை அரசு இணையதளத்திலேயே முடித்துவிடலாம், நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாக்குப்பதிவுக்கு 12 வேலைநாட்களுக்கு முன்னால் கதவை மூடிவிடுவார்கள். பட்டியலில் பெயர் இருப்பது கிரெடிட் ஸ்கோருக்கும் நல்லது என்பதால் இன்றைக்கே செய்தாலும் நஷ்டமில்லை.

படி 2: முதலில் தொகுதி, டிவி விவாதம் அப்புறம்

எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எந்தத் தலைவரைப் பிடிக்கும் என்று ஆரம்பித்து, விவாதங்களை எல்லாம் பார்த்து முடித்து, கடைசியில் வாக்குச்சீட்டைப் பார்த்தால் அந்தத் தலைவர் பெயரே அதில் இருக்காது. உங்கள் தொகுதியில் நிற்பவர்கள் பெயர் மட்டும்தான் இருக்கும். மொத்தம் 650 தொகுதி, ஒவ்வொன்றிலும் அதிக ஓட்டு வாங்கியவர் எம்.பி., பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்குப் பழகிய கணக்கு இது. இலங்கையின் விகிதாசார முறையிலும் (ஓட்டு சதவீதத்துக்கு ஏற்ப இடம்) விருப்பு வாக்கிலும் வளர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் அநியாயமாகத் தெரியும், தெரிவதில் தப்பும் இல்லை. 2024 ஜூலை முடிவைப் பாருங்கள். லேபர் கட்சி வாங்கியது 33.7 சதவீதம், கிடைத்தது 411 இடம். ரிஃபார்ம் யூகே கட்சி 14.3 சதவீதம் வாங்கி 5 இடம்தான் பிடித்தது, அதைவிடக் குறைவாக 12.2 சதவீதம் வாங்கிய லிபரல் டெமாக்ரட்டுகளுக்கோ 72 இடம். ஓட்டு எத்தனை என்பதைவிட அது எங்கே விழுந்தது என்பதுதான் கணக்கு.

ஆகவே உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டுத் தொகுதியைக் கண்டுபிடித்து, 2024 முடிவை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். முதல் மூன்று பேர், அவர்கள் வாங்கிய ஓட்டு, இடைவெளி எவ்வளவு, அவ்வளவு போதும். 2024-ல் தொகுதி எல்லைகளைப் பரவலாக மாற்றினார்கள் என்பதால் 2019 எண்களை அப்படியே ஒப்பிடாதீர்கள்.

இதில் உங்கள் தொகுதி எந்த ரகம் என்று தெரிந்துவிடும். வட லண்டனில் ஹென்டன் தொகுதியை லேபர் வென்றது 15 ஓட்டு வித்தியாசத்தில், இருமுனைப் போட்டியில் ஒரு சின்னத் தெருவே முடிவை மாற்றியிருக்கலாம். தென்மேற்கு நார்ஃபக்கில் முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ் 630 ஓட்டில் தோற்றார், அங்கே ஜெயித்த லேபர் வேட்பாளர் வாங்கியதே 26.7 சதவீதம்தான், மூன்றாவதாக வந்த ரிஃபார்ம் வேட்பாளரும் ரொம்பத் தூரத்தில் இல்லை. இப்படி மும்முனைப் போட்டி உள்ள இடமும் உண்டு, ஒரே கட்சி பல்லாயிரம் ஓட்டில் தலைமுறை தலைமுறையாக ஜெயிக்கும் கோட்டைகளும் உண்டு. இந்த மூன்றில் எதில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் படி 5.

(வட அயர்லாந்து தனிக் கதை. அங்கே போட்டியிடும் பெரிய கட்சிகளே வேறு, இந்தப் பதிவு அங்கே அவ்வளவாக உதவாது.)

படி 3: உங்களுக்கு என்ன வேண்டும்?

கட்சிகள் சொல்வதைப் படிக்கும் முன்பே இதை எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் பேசுவதெல்லாம் உங்கள் கவலை மாதிரியே தெரிய ஆரம்பிக்கும். வேண்டியவை மூன்று. எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாதது ஒன்று. பிளவு அதிகமான தேர்தலில் கடைசியாகச் சொன்னதுதான் உண்மையில் முடிவெடுக்கும், எனவே அதைக் கொஞ்சம் நேர்மையாக எழுதுங்கள், யாரும் பார்க்கப் போவதில்லை.

எழுதியதில் வெஸ்ட்மின்ஸ்டர் (லண்டன் நாடாளுமன்றம்) கையில் இல்லாததை அடித்துவிடுங்கள். குப்பை வண்டி வரவில்லை, பார்க்கிங் கட்டணம் ஏறிவிட்டது என்பதெல்லாம் கவுன்சில் (உள்ளூராட்சி) சமாச்சாரம், அதற்குத் தனித் தேர்தல் உண்டு. ஸ்காட்லாந்திலோ வேல்ஸிலோ இருந்தால் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் அங்குள்ள அரசுகளிடம். மீதி இருப்பதில் பெரியவை வரி, ஓய்வூதியம், வெளியுறவு, பாதுகாப்பு, குடிவரவு.

குடிவரவு நம்மில் பலருக்கு நேரடியாக வீட்டுக்குள் வரும் விஷயம். 2024 ஏப்ரலில் அன்றைய கன்சர்வேட்டிவ் அரசு, ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கான பொதுவான குறைந்தபட்சச் சம்பள வரம்பை 26,200 பவுண்டிலிருந்து 38,700-க்கு ஏற்றியது, கணவனையோ மனைவியையோ அழைத்துக்கொள்ளத் தேவையான வருமானத்தை 18,600-லிருந்து 29,000 ஆக்கியது. அடுத்து வந்த லேபர் அரசும் தளர்த்தவில்லை, 2025 ஜூலையில் அந்தச் சம்பள வரம்பை 41,700-க்குக் கொண்டுபோனது, நிரந்தர வசிப்புரிமைக்கான காத்திருப்பை ஐந்து வருடத்திலிருந்து பத்தாக்கும் திட்டத்தையும் அறிவித்தது. ரிஃபார்ம் யூகேயோ அந்த நிரந்தர உரிமையையே ஒழிப்போம் என்கிறது. "இந்தக் கட்சி நமக்கு நல்லது, அந்தக் கட்சி கெட்டது" என்று மாமா சித்தப்பா சொன்ன பழைய கணக்கை வைத்து ஓட்டுப் போடாதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அதே சமயம், ஏற்கெனவே குடியுரிமை வாங்கியவர்களில் கட்டுப்பாடு வேண்டும் என்று நினைப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களோடு சாப்பாட்டு மேசையில் சண்டை போட்டு ஜெயிக்க முடியாது.

படி 4: தேர்தல் அறிக்கையை எப்படிப் படிப்பது

முழுவதும் படிக்காதீர்கள், தூக்கம் வரும். உங்கள் மூன்று விஷயங்களுக்கான பக்கத்தை மட்டும் தேடிப் படியுங்கள். "செய்வோம்" என்று தேதியோ தொகையோ போட்டு எழுதியிருக்கிறதா, "பரிசீலிப்போம்", "பாடுபடுவோம்" என்று முடிகிறதா என்று பாருங்கள். இரண்டாவது ரகத்துக்கு மதிப்பெண் கிடையாது. பணம் எங்கிருந்து வரும் என்பதை ஐ.எஃப்.எஸ் என்ற நிதி ஆய்வு நிறுவனம் ஒவ்வொரு தேர்தலிலும் அலசும், அவர்கள் சொல்வதைக் கேட்டால் எல்லாக் கட்சிக்கும் சமமாக வலிக்கும்.

எழுதிக் கொடுத்ததும் உடையும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2010-ல் லிபரல் டெமாக்ரட்டுகள் கல்லூரிக் கட்டணத்தை ஏற்ற விடமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டார்கள், கூட்டணி அரசுக்குள் போனதும் 9,000 பவுண்டு வரை ஏறியது, 2015-ல் 57 இடத்திலிருந்து 8-க்கு விழுந்தார்கள். கன்சர்வேட்டிவ் 2019-ல் நேஷனல் இன்சூரன்ஸ் வரியை ஏற்ற மாட்டோம் என்று சொல்லி 2022-ல் ஏற்றியது, அதே வருடக் கடைசியில் திரும்ப எடுத்தது. லேபர் 2024-ல் உழைப்பவர்கள் மேல் அந்த வரி ஏறாது என்றது, சில மாதத்திலேயே முதலாளிகள் கட்டும் பங்கை 13.8-லிருந்து 15 சதவீதமாக்கியது. வாக்கு மீறலா இல்லையா என்று இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள். என் வழி: அறிக்கையைக் கட்சி எந்தப் பக்கம் சாயும் என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்வேன், ரசீதாக வைத்துக்கொள்ள மாட்டேன்.

வேட்பாளரையும் ஒரு பார்வை பாருங்கள். ஏற்கெனவே எம்.பி.யாக இருப்பவர் என்றால், நாடாளுமன்றத்தில் எதற்கு எப்படி வாக்களித்தார் என்பதை "தே வொர்க் ஃபார் யூ" தளத்தில் பார்க்கலாம். பெரும்பாலும் கட்சிக் கொறடா சொன்னபடிதான் போட்டிருப்பார். ஆனால் விசா, வீடு போன்ற பிரச்சினையோடு சர்ஜரிக்கு (எம்.பி. தொகுதி மக்களை நேரில் சந்திக்கும் நேரம்) போனால் கவனிப்பாரா என்பது ஆளுக்கு ஆள் மாறும், அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். தமிழர் என்பதற்காக மட்டும் ஒருவருக்குப் போடலாமா? 2015-ல் ஹாரோ ஈஸ்டில் தோற்ற உமா குமரன் 2024-ல் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் வென்று எம்.பி. ஆனார். அதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் நாடாளுமன்றத்தில் அவரும் கட்சி வரிசையில்தான் உட்கார வேண்டும். தேர்தல் நேரத்தில் கோவிலுக்கு வந்து மாலை போட்டுக்கொள்ளும் எந்த வேட்பாளரிடமும், முந்தைய வருடம் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும் வேகத்தைக் கவனியுங்கள்.

படி 5: கூட்டணியை நீங்களே அமைக்க வேண்டும்

தமிழ்நாட்டில் கட்சிகள் மாதக்கணக்கில் உட்கார்ந்து தொகுதிப் பங்கீடு பேசி, ஓட்டு சிதறாமல் பார்த்துக்கொள்வார்கள். இங்கே அந்த வழக்கம் மிகக் குறைவு. 2019-ல் பிரெக்சிட் கட்சி, கன்சர்வேட்டிவ் கைவசம் இருந்த 317 தொகுதிகளில் நிற்காமல் ஒதுங்கியது. எதிர்ப் பக்கத்தில் லிபரல் டெமாக்ரட், பசுமை, வேல்ஸின் பிளைட் கம்ரி மூன்றும் 60 தொகுதியில் மட்டும் ஒப்பந்தம் போட்டன, லேபர் அதில் சேரவில்லை. விளைவு? லண்டன் கென்சிங்டனில் கன்சர்வேட்டிவ் வேட்பாளர் லேபரை 150 ஓட்டில் வென்றார், மூன்றாவதாக வந்த லிபரல் டெமாக்ரட் வாங்கியது 9,312. கட்சிகள் செய்யாத கூட்டணி வேலை வாக்காளர் தலையில் விழுகிறது. ஓட்டு சிதறாமல் வாக்காளரே கணக்குப் பார்த்துப் போடும் இதைத்தான் டாக்டிகல் வோட்டிங் என்கிறார்கள், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

உங்கள் தொகுதி கோட்டை என்றால் யோசிக்காமல் மனசுக்குப் பிடித்தவருக்குப் போடுங்கள். அந்த ஓட்டு வீணாகாது: எதிர்க்கட்சிகளுக்கு நாடாளுமன்றப் பணிக்காகக் கிடைக்கும் 'ஷார்ட் மணி' நிதியின் ஒரு பகுதி மொத்த ஓட்டு எண்ணிக்கையை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது, 5 சதவீதம் தாண்டினால் வேட்பாளருக்கு 500 பவுண்டு டெபாசிட்டும் தப்பும். இருமுனைப் போட்டி என்றால் அந்த இருவரில் யார் வந்தால் உங்கள் "ஏற்க முடியாதது" நடக்கும் என்று பாருங்கள். அவரைத் தோற்கடிக்கக் கூடியவர் உங்கள் இரண்டாவது விருப்பமாக இருந்தாலும் அவருக்கே போடுவதில் அர்த்தம் இருக்கிறது. இருவருமே ஒன்றுதான் என்று தோன்றினால் கோட்டை விதியையே பின்பற்றுங்கள். மும்முனை என்றால் கடினம், கருத்துக்கணிப்பைப் பார்க்கத் தோன்றும். பாருங்கள், ஆனால் 2015-ல் இழுபறி என்றார்கள், அன்றைய பிரதமர் கேமரூன் தனிப் பெரும்பான்மை வாங்கினார். 2017-ல் அடுத்த பிரதமர் தெரசா மே அள்ளப்போகிறார் என்றார்கள், இருந்த பெரும்பான்மையும் போனது. யாருக்குப் போட்டால் யார் தோற்பார் என்று சொல்லும் இணையதளங்களும் 2019-ல் ஒரே தொகுதிக்கு வேறு வேறு கட்சியைக் காட்டின.

கதவு வழியாக விழும் துண்டறிக்கையில் பட்டை வரைபடம் போட்டு, "இங்கே எங்களால் மட்டுமே ஜெயிக்க முடியும்" என்று எழுதியிருப்பார்கள். அளவுகோல் இருக்காது. எண்கள் கவுன்சில் தேர்தலிலிருந்து எடுத்ததாகக் கூட இருக்கும். படி 2-ல் எழுதிய காகிதத்தோடு ஒப்பிட்டுவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

படி 6: வீடும் வாட்ஸப்பும்

ஓட்டு ரகசியம். வீட்டுத் தலைவர் எல்லோருடைய தபால் வாக்கையும் வாங்கி ஒரே பேனாவில் நிரப்புவது நம் வீடுகளில் நடக்காத விஷயம் இல்லை, அது தவறு. வாக்குச்சாவடித் தடுப்புக்குள் கூடவே போய் ஒருவரை வழிநடத்துவது 2023-ல் வந்த சட்டப்படி தனிக் குற்றம். "யாருக்குப் போட்டாய்" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடலாம்.

படி 7: வாக்குச்சாவடி

காலை 7 முதல் இரவு 10 வரை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் படத்துடன் அடையாள அட்டை வேண்டும். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் செல்லும், காலாவதி ஆகியிருந்தாலும் முகம் அடையாளம் தெரிந்தால் போதும். எதுவும் இல்லாதவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்தால் இலவசச் சான்றிதழ் தருவார்கள். இந்த விதிகளும், 16 வயதுக்கு ஓட்டு தரும் திட்டமும் மாற்றத்தில் இருப்பதால், தேதி அறிவித்ததும் தேர்தல் ஆணையத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குத் தபாலில் வரும் 'போல் கார்டு' வெறும் அறிவிப்புதான், அதைக் கொண்டுபோவது கட்டாயம் இல்லை.

உள்ளே இயந்திரம் கிடையாது, நோட்டா கிடையாது, விரலில் மையும் கிடையாது. காகிதம், பென்சில், ஒரே ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் வேறு எதுவும் எழுத வேண்டாம். தப்பாகப் போட்டுவிட்டால், பெட்டியில் போடும் முன் அலுவலரிடம் கொடுத்து வேறு சீட்டு வாங்கிக்கொள்ளலாம். வேலை முடிந்து ஓடி வருபவர்கள் கவனிக்க: இரவு 10 மணிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தாலே போதும், உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.