வீட்டுப் பெரியவரின் நினைவு தடுமாறுகிறதா என்று அறிவது எப்படி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறையில் எங்கள் அத்தை 40 ஆண்டுகள் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றியவர். எத்தனை லிட்டர், எவ்வளவு பணம் வர வேண்டும் என்பதை எழுதாமலே மனத்தில் வைத்திருந்தவர். ஒருநாள் பாஸ்புத்தகத்தை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு, மருமகள் திருடிவிட்டாள் என்று அழுதார். வயதானால் அறளை பெயரும், அதாவது புத்தி தடுமாறும் என்று சொல்லி அதைக் கடந்துவிட்டோம். அப்படிக் கடந்திருக்கக் கூடாது.

பெயர் சட்டென்று வராமல் சற்று நேரம் கழித்து வருவதும் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதும் முதுமையின் இயல்பு. கைவந்த வேலை தடுமாறுவதுதான் கவலைக்குரியது. நாள்தோறும் வைத்த குழம்பின் பக்குவம் மறப்பது, பழகிய பாதையில் வீடு திரும்பத் தெரியாமல் நிற்பது, கேட்ட நினைவே இல்லாமல் அதே கேள்வியைக் கேட்பது, பொருளை வைக்கக் கூடாத இடத்தில் வைத்துவிட்டுப் பிறரைச் சந்தேகிப்பது ஆகியவற்றைக் கண்டால் தேதியோடும் நேரத்தோடும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பெரியவரை அண்டை வீட்டுத் தாத்தாவோடு ஒப்பிடாமல், ஐந்தாண்டுக்கு முன் அவரே எப்படி இருந்தார் என்பதோடு ஒப்பிடுங்கள். நினைவைச் சோதிக்க மருத்துவர் கடிகாரம் வரையச் சொல்வதுண்டு; பள்ளிக்கே போகாதவர் அதை வரையத் திணறினால் அதை நோயாகக் கொள்ள முடியாது.

மாற்றம் எவ்வளவு வேகமாக வந்தது என்பது மிக முக்கியம். ஓரிரு நாளில் பேச்சு குழறி, பகலில் உறங்கி, இரவில் இல்லாத ஆட்களைக் கண்டு பேசினால், சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என ஏதேனும் காரணமாக இருக்கலாம்; பக்கவாதமாகவும் இருக்கலாம்; அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். சில வாரங்களுக்கு முன் தலையில் அடிபட்டிருந்தால் அதையும் மறவாமல் சொல்லுங்கள். மெல்ல மெல்ல வரும் மறதியிலும் தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, காது கேளாமை ஆகியவை கலந்திருக்கக்கூடும். இவற்றுக்கு மருத்துவம் உண்டு. அத்தைக்கு பி12 மிகக் குறைந்திருந்ததை நாங்கள் தாமதமாகவே அறிந்தோம்.

எல்லைப் பகுதியில் இருப்பவர்கள் மொழியிலும் கவனமாக இருக்க வேண்டும். இது எந்த மாதம் என்று மருத்துவர் மலையாளத்தில் கேட்டபோது அத்தை "ஆவணி" என்றார். மலையாளக் கணக்கில் அது சிங்ஙம். இரண்டும் ஒரே மாதம்தான், ஆனால் தாளில் தவறான விடை என்று பதிவாயிற்று. அத்தைக்கு மறதி இருந்தது உண்மை. அவரிடம் இல்லாத குறையும் அன்று சேர்ந்து ஏறிவிட்டது. ஆகவே, அவருடைய தமிழைப் பேசும் ஒருவர் உடனிருக்க வேண்டும். கண்ணாடி, காதுக் கருவி, எல்லா மாத்திரை அட்டைகள், அந்த நோட்டு ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

நிலப் பத்திரத்தில் கையெழுத்து என்று வரும்போது இன்னும் பொறுமை வேண்டும். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதை மறந்தவருக்கும் தம் தென்னந்தோப்பை யாருக்குத் தர வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்திருக்கலாம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவும், ஒப்பந்தம் செய்யும் அந்த வேளையில் அதைப் புரிந்துகொண்டு தம் நன்மை தீமையை எடைபோட முடிகிறதா என்றே கேட்கிறது. மலையாளப் பத்திரத்தைத் தமிழில் நிதானமாகப் படித்துச் சொல்லி, இதனால் எது கைவிட்டுப் போகும், ஏன் இப்படிச் செய்ய விரும்புகிறீர்கள் என்று, தெளிவாக இருக்கும் காலை வேளையில், அவர் சொற்களிலேயே சொல்லச் சொல்லுங்கள். சில நாள் கழித்து மீண்டும் கேளுங்கள். விடை மாறினால் கைநாட்டு வாங்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.