காட்டுத்தீயைக் கணிக்கப் பழக்கும்போது எங்கே தவறுகிறோம்?

காட்டுத்தீ அடுத்த மூன்று மணி நேரத்தில் எந்தப் பக்கம் போகும், எவ்வளவு வேகமாகப் போகும் என்று கணித்துச் சொல்லத் தனி வல்லுநர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை நம்பித்தான் தீயணைப்புக் குழு மலைச்சரிவில் இறங்குகிறது. ஊரைக் காலி செய்வதா வேண்டாமா என்பதும் முடிவாகிறது. அதனால் இவர்களுடைய பயிற்சியில் விட்ட பிழைக்கு வேறு யாரோ உயிரைக் கொடுக்க நேரிடலாம்.

பெரிய பிழை, மென்பொருளிலிருந்து பாடத்தைத் தொடங்குவது. எண்களைப் போட்டதும் பரவும் வேகம், தழலின் நீளம் எல்லாம் திரையில் வந்துவிடுகின்றன. கணிக்கத் தெரிந்துவிட்டது என்ற நினைப்பும் கூடவே வந்துவிடுகிறது. ஆனால் அமெரிக்காவில் புழங்கும் முக்கிய மென்பொருள்களுக்கு அடியில் இருப்பது, அந்நாட்டு வனத்துறையின் ரிச்சர்ட் ராதர்மெல் 1972இல் வெளியிட்ட சமன்பாடு. அது தரையோடு சீராகப் பரவும் தீக்கானது. சருகும் புல்லும் எங்கும் ஒரே மாதிரி கிடப்பதாக வைத்துக்கொள்கிறது. தீ மர உச்சிக்கு ஏறினாலோ, கங்குகள் பறந்துபோய் முன்னால் புதிதாகப் பற்றவைத்தாலோ அது மட்டும் போதாது. இதைக் கடைசி வகுப்பில் ஓர் எச்சரிக்கையாகச் சொன்னால் மனதில் நிற்காது. முதல் நாளே சொல்ல வேண்டும். கொஞ்ச நாளாவது காகிதத்தில் கணக்குப் போட வைப்பதும் நல்லது. எதை மாற்றினால் விடை எகிறுகிறது, எதை மாற்றினாலும் அசைவதில்லை என்பது அப்போதுதான் பிடிபடும்.

அப்புறம் காற்று. சறுக்குவதற்கு இடம் அதிகம் உள்ளது இங்கேதான். அமெரிக்கத் தீ வானிலை அறிக்கைகளில் வருவது 20 அடி உயரத்துக் காற்று. வேறு பல நாடுகளில் 10 மீட்டர் உயரத்துக் காற்று. தரைத்தீயைத் தள்ளுவதோ தழலின் நடு உயரத்தில் வீசும் காற்று. 20 அடி உயரத்தில் மணிக்கு 30 கி.மீ. வீசுவது, திறந்த புல்வெளியில் தழலைத் தொடும்போது சுமார் 12 ஆகவும், அடர்ந்த காட்டுக்குள் 3 ஆகவும் குறைந்துவிடலாம். குறைக்காமல் போட்டால் கணிப்பு பல மடங்கு ஊதிப்போகும். ஏற்கெனவே குறைத்த எண்ணை மறுபடி குறைத்தால் இன்னும் ஆபத்து, மூர்க்கமான தீகூடக் காகிதத்தில் சாதுவாகத் தெரியும். மாணவர் காற்றைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘எந்த உயரத்துக் காற்று?’ என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

வேகத்தைவிடத் திசை பொல்லாதது. 2009 பிப்ரவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், கில்மோர் ஈஸ்ட் தீ வடமேற்குக் காற்றில் நீண்ட நாக்குபோலத் தென்கிழக்கே ஓடியது. மாலையில் காற்று தென்மேற்கிலிருந்து வீசத் தொடங்கியதும், அதுவரை பக்கவாட்டாக இருந்த நீண்ட ஓரம் தீயின் முகப்பாக மாறிவிட்டது. அன்றைய தீக்களில் மாநிலம் முழுவதும் 173 பேர் இறந்தார்கள். காற்று திரும்பும் என்ற முன்னறிவிப்பு அன்று இருக்கவே செய்தது. 2013 ஜூன் 30 அன்று அரிசோனாவின் யார்னெல் ஹில் தீயில் இடிமழை மேகங்களிலிருந்து கிளம்பிய காற்று தீயைத் திருப்பிவிட, 19 தீயணைப்பு வீரர்கள் சிக்கி இறந்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் நாள் முழுவதும் ஒரே காற்று வீசுவதாக வைத்துப் பயிற்சிக் கணக்குகளை அமைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வரைபடத்தைக் கொடுத்து, ‘இப்போதே காற்று திரும்பினால் எந்த ஓரம் முகப்பாகும், அங்கே யார் நிற்கிறார்கள்?’ என்று கேட்க வேண்டும்.

நேற்று மழை பெய்ததால் இன்று பயமில்லை என்று எழுதுவதும் தவறு. விரல் பருமன்கூட இல்லாத புல்லும் சருகும் ஒரு மணி நேர வெயிலில் காயத் தொடங்கிவிடும். பருத்த கட்டைகளுக்குத்தான் வாரக்கணக்கில் ஆகும். சரிவு விஷயத்தில் ஆஸ்திரேலியாவின் பழைய கைக்கணக்கு ஒன்று போதும்: மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் ஒவ்வொரு 10 பாகைக்கும் சுமார் இரு மடங்காகும்.

கணிப்பைச் சொல்லும் விதத்தையும் பயிற்சியில் சேர்க்க வேண்டும். ‘மணிக்கு 1.4 கி.மீ.’ என்பதை வைத்துக்கொண்டு களத்தில் நிற்பவர் என்ன செய்வார்? ‘மூன்று மணிக்குள் ஓடையைத் தாண்டும், காற்று கூடினால் இரண்டுக்கே’ என்றால் எப்போது பின்வாங்குவது என்று அவருக்குத் தெரியும். ஒற்றை எண்ணில் இல்லாத ஐயமும் அதில் இருக்கிறது.

இத்தனையும் சரியாக இருந்து, சொன்னதை மறுநாள் சரிபார்க்கும் வழக்கம் இல்லையென்றால் பயிற்சி பாதியில்தான் நிற்கிறது. அமெரிக்காவில் தீயின் போக்கைக் கணிக்கக் கற்றுத்தரும் எஸ்-590 என்ற மேல்நிலை வகுப்பை முடித்தாலும், உண்மையான தீக்களில் மதிப்பீட்டாளர் முன் வேலை செய்து செய்துகாட்டிய வேலைகளைப் பதியும் பணிப்புத்தகத்தில் கையெழுத்து வாங்கினால்தான் தகுதி. அந்த நாள்களில் மாணவர் தினமும் முந்தைய நாள் கணிப்பையும் தீயின் உண்மையான எல்லையையும் ஒரே வரைபடத்தில் வரைந்து, எங்கே, ஏன் விலகியது என்று எழுத வேண்டும். கணிப்பு பலித்த நாளிலும் எழுத வேண்டும். காற்றைக் கூட்டியும் சருகின் ஈரத்தைக் கூட்டியும் போட்ட இரண்டு பிழைகள் ஒன்றையொன்று சமன்செய்து சரியான விடை தந்திருக்கலாம்.