உபுண்டுவைப் பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாற்றும் முறை

ஹார்டு டிஸ்க்கில் நிறுவிய உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸை, மறுபடி நிறுவாமல், நிரல்களும் அமைப்புகளும் இருந்தபடியே இருக்க, புதிய எஸ்எஸ்டிக்குக் கொண்டுபோக முடியும். கோப்புகளை நகலெடுப்பது இதில் எளிய வேலை. நேரம் மட்டுமே பிடிக்கும். பழைய டிஸ்க்கின் அடையாளம் பதிந்திருக்கும் இடங்களை ஒன்றுவிடாமல் மாற்றுவதில்தான் கவனம் தேவை. இங்கே சொல்வது யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பின் வந்த துவக்க ஃபர்ம்வேர்) முறையில் துவங்கும், லினக்ஸில் வழக்கமான ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை கொண்ட, என்கிரிப்ட் செய்யாத கணினிக்குப் பொருந்தும்.

டிடி கட்டளையால் டிஸ்க்கை அப்படியே படியெடுக்கலாமே என்று பலர் கேட்பார்கள். புதிய டிஸ்க் சிறியதாக இருந்தால் அது நடக்காது. காலி இடத்தையும் சேர்த்தே அது படியெடுக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், இரண்டு டிஸ்க்குகளுக்கும் ஒரே யூயூஐடி (பார்டிஷனை அடையாளம் காட்டும் தனி எண்) வந்துவிடுவது. இரண்டும் இணைந்திருக்கும்போது கணினி எதை மவுண்ட் செய்யும் (ஓர் அடைவில் இணைத்துப் பயன்படுத்தும்) என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே கோப்புகளை மட்டும் நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையே என் தேர்வு.

முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் பேக்கப் எடுத்துவிட்டு, லைவ் யூஎஸ்பியிலிருந்து (நிறுவாமலே லினக்ஸை இயக்க உதவும் யூஎஸ்பி) கணினியைத் துவக்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கணினியை நகலெடுத்தால், பாதியில் மாறும் கோப்புகள் முன்னுக்குப்பின் முரணாகப் பதிவாகலாம். லைவ் யூஎஸ்பியும் யூஇஎஃப்ஐ முறையில்தான் துவங்கியிருக்க வேண்டும். சிஸ் அடைவின் ஃபர்ம்வேருக்குள் இஎஃப்ஐ என்ற அடைவு இருந்தால் சரி. டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் தரும் எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்கள் ஒவ்வொரு முறையும் இடம் மாறக்கூடியவை என்பதால், எல்எஸ்பிஎல்கே கட்டளை காட்டும் கொள்ளளவையும் மாடல் பெயரையும் பார்த்தே எது பழையது, எது புதியது என்று முடிவுசெய்யுங்கள். பிறகு ஜிபார்டெட் நிரல் மூலம் எஸ்எஸ்டியில் ஜிபிடி வகைப் பார்டிஷன் அட்டவணையை உருவாக்கி, 512 எம்பி அளவில் ஃபேட்32 பார்டிஷன் ஒன்றை ஈஎஸ்பி (துவக்கக் கோப்புகள் இருக்கும் பார்டிஷன்) கொடியுடனும், மீதி இடத்தில் ஈஎக்ஸ்டி4 பார்டிஷனையும் அமையுங்கள்.

முழு அமைப்பும் இருக்கும் பழைய ரூட் பார்டிஷனை, எதுவும் எழுத முடியாதபடி, பழையது என்ற அடைவிலும், புதியதைப் புதியது என்ற அடைவிலும் மவுண்ட் செய்யுங்கள். ஆர்சிங்க் கட்டளைக்குச் சிறிய ஏ, பெரிய ஏ, பெரிய எக்ஸ், பெரிய எச், சிறிய எக்ஸ் ஆகிய ஐந்து தெரிவுகளும் வேண்டும்: முதலாவது உரிமையாளரையும் அனுமதிகளையும் காப்பாற்றும், அடுத்த மூன்றும் முறையே ஏசிஎல் (கூடுதல் அனுமதிப் பட்டியல்), நீட்டித்த பண்புகள், ஹார்டு லிங்க்குகள் ஆகியவற்றைக் காப்பாற்றும், கடைசியானது வேறு பார்டிஷனுக்குள் நுழையாமல் தடுக்கும். பழையது என்ற பெயருக்குப் பின்னால் சாய்கோடு இட மறக்காதீர்கள். சாய்கோடு இருந்தால் உள்ளடக்கம் மட்டும் போகும். இல்லாவிட்டால் புதியதற்குள் பழையது என்றொரு அடைவு முளைத்து, முழு அமைப்பும் ஒரு படி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ரேம் போதாதபோது பயன்படும் ஸ்வாப்ஃபைல் கோப்பை விலக்கிவிட்டுப் பின்னர் புதிதாக உருவாக்கிக்கொள்வது நல்லது. ஹோம் தனிப் பார்டிஷனாக இருந்தால் அதையும் தனியாக நகலெடுக்க வேண்டும்.

இனி அடையாள மாற்றம். பிஎல்கேஐடி கட்டளை தரும் புதிய யூயூஐடிகளை, எதை எங்கே மவுண்ட் செய்வது என்று குறித்திருக்கும், புதிய டிஸ்க்கின் ஈடிசி அடைவிலுள்ள எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதுங்கள். ரூட் வரியை மாற்றுபவர்கள் பலர் ஈஎஸ்பிக்கான பூட் இஎஃப்ஐ வரியை விட்டுவிடுகிறார்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றியதும், கணினி அதைத் தேடி 90 நொடி காத்திருந்து, அவசர நிலைக்குப் போய்விடும். தனி ஸ்வாப் பார்டிஷன் இருந்தால் அதன் வரியும், இனிட்ராம்எஃப்எஸ் (துவக்கத்தில் கர்னல் பயன்படுத்தும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பு) டூல்ஸ் அமைப்பிலுள்ள ரெஸ்யூம் கோப்பும் மாற வேண்டும்.

அடுத்து, புதிய ஈஎஸ்பியைப் புதியதற்குள் இருக்கும் பூட் இஎஃப்ஐ அடைவில் மவுண்ட் செய்து, லைவ் கணினியின் டெவ், ப்ராக், சிஸ், ரன் அடைவுகள் நான்கையும் பைண்ட் செய்யுங்கள், அதாவது புதியதற்குள்ளும் தெரியும்படி இணையுங்கள். சிஸ் அடைவை மட்டும் அதன் உள் மவுண்ட்டுகளும் சேர்ந்து வரும்படி ஆர்பைண்ட் செய்தால்தான் ஃபர்ம்வேரில் பூட் பதிவை எழுத முடியும். பிறகு, புதிய அடைவையே ரூட்டாகக் கொண்டு இயங்கச் செய்யும் சிஎச்ரூட் மூலம் உள்ளே சென்று, க்ரப் (லினக்ஸைத் துவக்கும் நிரல்) இன்ஸ்டால், அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ், அப்டேட் க்ரப் ஆகிய கட்டளைகளை இதே வரிசையில் இயக்குங்கள். ஈஎஸ்பிக்குள் ரூட் பார்டிஷனின் யூயூஐடியைச் சுட்டும் சிறிய க்ரப் அமைப்புக் கோப்பு ஒன்று இருக்கும்; க்ரப் இன்ஸ்டால் அதைப் புதிதாக எழுதிவிடும். பழைய ஈஎஸ்பியின் கோப்புகளைக் கையால் நகலெடுத்து வேலையை முடிக்க நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

முதல் முறை துவக்கும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். அது இணைந்திருந்தால், எந்த டிஸ்க்கிலிருந்து கணினி எழுந்தது என்ற ஐயம் தீராது. உள்ளே நுழைந்ததும் ஃபைண்ட்எம்என்டி கட்டளையால் ரூட் எங்கிருந்து மவுண்ட் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். காலியான இடத்தை எஸ்எஸ்டிக்கு அவ்வப்போது தெரிவிக்கும் எஃப்எஸ்ட்ரிம் டைமர் இயங்குகிறதா என்பதையும் உறுதிசெய்யுங்கள். கர்னல் அப்டேட் ஒன்று சிக்கலின்றி முடிந்து, கணினி ஒழுங்காக எழும்வரை பழைய டிஸ்க்கை அழிக்க வேண்டாம். அழித்த பிறகு, ஃபர்ம்வேரில் தங்கியிருக்கும் அதன் பூட் பதிவை இஎஃப்ஐ பூட் மேனேஜர் கட்டளையால் நீக்கிவிடலாம்.