லா ஸ்கூலுக்கு உங்கள் ஜிபிஏ எவ்வளவு? கல்லூரிக் கணக்கு வேறு, எல்எஸ்ஏசி கணக்கு வேறு

அமெரிக்காவில் சட்டம் படிக்க முதலில் ஓர் இளங்கலைப் பட்டம் வேண்டும். ஜேடி எனப்படும் மூன்று ஆண்டு சட்டப் படிப்பு அதற்குப் பிறகுதான். பட்டம் எந்தத் துறையில் இருந்தாலும் சரி. அமெரிக்க வழக்கறிஞர் சங்கமான ஏபிஏ இந்த மேஜர்தான், அதாவது முதன்மைப் பாடம்தான், நல்லது என்று எதையும் பரிந்துரைப்பதில்லை. அதனால் ஒரு கேள்வி எப்போதும் எழுகிறது: கெமிக்கல் இன்ஜினியரிங்கில் ஜிபிஏ, அதாவது சராசரிக் கிரேடு, 3.4 எடுத்தவரும், மதிப்பெண் தாராளமாகக் கிடைக்கும் மேஜரில் 3.9 எடுத்தவரும் லா ஸ்கூல் நுழைவுத் தேர்வான எல்சாட்டில் ஒரே மதிப்பெண்ணோடு விண்ணப்பித்தால் இடம் யாருக்கு? பெரும்பாலான லா ஸ்கூல்களில் 3.9 எடுத்தவருக்குத்தான். இது நியாயமா என்று கேட்டால் முழுக்க நியாயம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஏன் அப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால் உங்கள் திட்டத்தைச் சரியாகப் போடலாம்.

ஏபிஏ அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு லா ஸ்கூலும் ஆண்டுதோறும் டிசம்பர் 15-க்குள் '509 அறிக்கை' என்ற ஒன்றை வெளியிட வேண்டும். அந்த ஆண்டு சேர்ந்த மாணவர்களின் எல்சாட், ஜிபிஏ இரண்டுக்கும் 25, 50, 75 ஆகிய சதமான நிலைகளில் உள்ள எண்கள் அதில் இருக்கும் (25-ஆம் சதமானம் என்றால் 25 விழுக்காட்டினர் அதற்குக் கீழே). நடுவில் உள்ள 50தான் மீடியன். தரவரிசைப் பட்டியல்களும் விண்ணப்பதாரர்களும் முதலில் பார்ப்பது இதைத்தான். லா ஸ்கூல்களைத் தரவரிசைப்படுத்தும் யு.எஸ். நியூஸ் நிறுவனம் தன் பட்டியலில் மீடியன் ஜிபிஏவின் பங்கை 2023-இல் 4 விழுக்காடாகக் குறைத்துவிட்டது. ஆனாலும் லா ஸ்கூல்கள் மீடியனைக் கைவிடவில்லை. இந்த 509 அறிக்கையில் மேஜருக்கென்று ஒரு பத்தி கிடையாது. இன்ஜினியரிங்கின் 3.4 அங்கே வெறும் 3.4தான்.

அந்த எண்ணும் உங்கள் கல்லூரி தருவது அல்ல. விண்ணப்பங்களைத் திரட்டி அனுப்பும் எல்எஸ்ஏசி அமைப்பு உங்கள் டிரான்ஸ்கிரிப்டை, அதாவது கல்லூரியின் மதிப்பெண் பட்டியலை, வாங்கித் தன் விதிப்படி மறுபடி கணக்குப் போடுகிறது. பலர் ஏமாறும் இடம் இதுதான். ஏ பிளஸ் 4.33, ஏ 4.00, ஏ மைனஸ் 3.67, பி பிளஸ் 3.33, பி 3.00 என்று கீழே இறங்கிக்கொண்டே போகும். உங்கள் கல்லூரி ஏ பிளஸ்ஸுக்கும் 4.00தான் தருகிறது என்றாலும், டிரான்ஸ்கிரிப்டில் ஏ பிளஸ் என்று அச்சாகியிருந்தால் எல்எஸ்ஏசி 4.33 போடும். ஆண்டைக் காலாண்டுகளாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறைக் கல்லூரிகளின் கிரெடிட்டுகள் (பாட அளவின் அலகு) செமஸ்டர் கிரெடிட்டாக மாற்றப்படும்.

முதல் இளங்கலைப் பட்டம் வாங்கும் நாள் வரை எடுத்த கல்லூரிப் பாடங்கள் எல்லாம் கணக்கில் சேரும். உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் எடுத்த டூயல் என்ரோல்மென்ட் பாடமும் சேரும், கோடை விடுமுறையில் வேறு கல்லூரியில் எடுத்ததும் சேரும். உயர்நிலைப் பள்ளியில் ஏபி எனும் கல்லூரி நிலைத் தேர்வு எழுதி வாங்கிய கிரெடிட்டுக்குக் கிரேடு இல்லை என்பதால் அது சேராது. உங்கள் பட்டப்படிப்பில் 120 கிரெடிட்டுக்கு 3.70 என்று வைத்துக்கொள்வோம். பதினேழு வயதில் கம்யூனிட்டி காலேஜில் 9 கிரெடிட் எடுத்து மூன்றிலும் சி வாங்கியிருந்தால், எல்எஸ்ஏசி கணக்கில் அது 3.58 ஆகிவிடும். கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் இந்தச் சரிவு தெரியாது. எல்எஸ்ஏசி கணக்குப் போட்ட பிறகுதான் தெரியவரும்.

திரும்ப எடுத்த பாடம் இன்னொரு பொறி. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி 4 கிரெடிட்டில் முதலில் டி வாங்கி, அடுத்த ஆண்டு ஏ வாங்கினால், பழைய கிரேடை மன்னித்துவிடும் கல்லூரிகள் ஏவை மட்டும் எண்ணும். டிரான்ஸ்கிரிப்டில் டியும் அதன் கிரெடிட்டும் தெரிகிற வரை எல்எஸ்ஏசி இரண்டையும் எண்ணும்: எட்டு கிரெடிட்டுக்கு 20 புள்ளி, சராசரி 2.5. ஆகவே லா ஸ்கூலை மனதில் வைத்துப் பாடத்தைத் திரும்ப எடுப்பதில் லாபம் குறைவு. பாடம் கைமீறிப் போகிறது என்று தெரிந்தால் கெடு தேதிக்குள் விலகிவிடுவது மேல். தண்டனையாகக் கருதப்படாத டபிள்யூ (விலகல் குறி) கணக்கில் வராது; தோல்விக்குச் சமமான விலகல் என்று கல்லூரி குறித்தால் அது பூஜ்யமாக ஏறும். பாஸ், ஃபெயில் முறையில் பாஸ் எண்ணப்படாது, ஃபெயில் பூஜ்யம்.

முதல் வேலை, படித்த எல்லாக் கல்லூரிகளின் டிரான்ஸ்கிரிப்டையும் இறக்கி வைத்து, ஒரு தாளில் இந்த விதிப்படி நீங்களே கணக்குப் போடுவது. அதையும் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் செய்யுங்கள். ஏனென்றால் மூன்றாம் ஆண்டு முடிந்த பிறகு எண் அவ்வளவாக நகராது. 90 கிரெடிட்டில் 3.30 இருப்பவர் கடைசி 30 கிரெடிட்டிலும் முழுக்க ஏ வாங்கினால்கூட 3.475தான் வரும். பட்டம் கைக்கு வந்த நாளோடு எண் உறைந்துவிடும். இரண்டாவது இளங்கலையோ, எம்எஸ்ஸில் வாங்கிய 4.0வோ அதை மாற்றாது. முதுகலை டிரான்ஸ்கிரிப்ட் கூடவே போகும், படிக்கவும் படும், ஆனால் இளங்கலை ஜிபிஏவில் கலக்காது. கடைசி ஆண்டுக் கிரேடுகள் உங்களை உயர்த்தும் என்றால், நான்காம் ஆண்டு தொடக்கத்திலேயே விண்ணப்பிக்காமல் பட்டம் முடித்து அடுத்த சுற்றில் விண்ணப்பிப்பது நல்ல யோசனை. ஓராண்டு வேலை அனுபவமும் சேரும்.

அப்படியானால் கடினமான மேஜருக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது எண்ணுக்கு மாற்று ஆகாது. எல்எஸ்ஏசி அனுப்பும் அறிக்கையில் ஆண்டுவாரியான ஜிபிஏ இருக்கும். உங்கள் கல்லூரியிலிருந்து விண்ணப்பிப்பவர்களிடையே உங்கள் ஜிபிஏ எந்தச் சதமானத்தில் நிற்கிறது என்பதும் இருக்கும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2004 முதல் 2014 வரை ஏ வகைக் கிரேடுகளை 35 விழுக்காட்டுக்குள் வைக்க முயன்றதே, அதுபோன்ற இறுக்கம் இந்தச் சதமானத்தில் தெரிந்துவிடும். கல்லூரிக்கு இப்படி ஒரு அளவுகோல் உண்டு, மேஜருக்கு இல்லை. மேஜரின் கடினத்தை அட்மிஷன் அலுவலர் டிரான்ஸ்கிரிப்டைப் படித்துத்தான் அறிய வேண்டும். இருவர் எண்களில் நெருங்கி நிற்கும்போது, தெர்மோடைனமிக்ஸும் ரியல் அனாலிசிஸும் இருக்கும் டிரான்ஸ்கிரிப்ட் ஒருவருக்குக் கை கொடுக்கும். அரைப் புள்ளி இடைவெளியை அது நிரப்பாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. காப்புரிமைச் சட்டத்தில் போக விரும்பினால், அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் பதிவுத் தேர்வு எழுதவே அறிவியல் அல்லது தொழில்நுட்பத் தகுதி வேண்டும். அங்கே எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் பட்டத்துக்கு வேலைச் சந்தையில் நேரடி மதிப்பு இருக்கிறது. அந்தக் குறிக்கோளை விண்ணப்பக் கட்டுரையில் தெளிவாக எழுதுங்கள். மற்றவர்கள் தங்களுக்குப் பிடித்த, நன்றாகச் செய்ய முடிகிற மேஜரை எடுப்பதே சரி. லா ஸ்கூலைக் கவர்வதற்காகக் கடினமான மேஜரில் போய்ச் சிக்கிக்கொள்ளாதீர்கள்.

ஜிபிஏ குறைவாக உறைந்துவிட்டவருக்கு மிச்சமிருக்கும் பெரிய ஆயுதம் எல்சாட். 120 முதல் 180 வரை மதிப்பெண். பலமுறை எழுதினாலும் 509 அறிக்கைக்குப் போவது அதிகபட்ச மதிப்பெண்தான். ஆயுளில் ஏழு முறைக்கு மேல் எழுத முடியாது என்பதால், பயிற்சித் தேர்வுகளில் இலக்கைத் தொட்ட பிறகே பதிவு செய்யுங்கள். பிறகு பத்து, பதினைந்து பள்ளிகளின் 509 அறிக்கைகளைத் திறந்து, உங்கள் ஜிபிஏ 25-ஆம் சதமானத்துக்குக் கீழே இருந்தாலும் எல்சாட் மீடியனுக்கு மேலே இருக்கும் பள்ளிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்டவர்களை 'ஸ்பிளிட்டர்' என்பார்கள். சில பள்ளிகள் இவர்களை விரும்பி எடுக்கும், சில தொடவே தொடாது. மீடியன் ஜிபிஏ 3.9-ஐத் தாண்டிய யேல் போன்ற இடங்களில் வாய்ப்பு மிகக் குறைவு.

குறைந்த ஜிபிஏவுக்கு விளக்கக் குறிப்பு எழுதலாம், ஆனால் அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். என்ன நடந்தது, எந்த செமஸ்டரில், எப்போது சரியானது, அதற்குப் பிறகு கிரேடுகள் எப்படி என்பது போதும். "என் மேஜர் கடினம்" என்று நீங்களே எழுதினால் சாக்குப்போலத் தோன்றும். அதைப் பேராசிரியர் பரிந்துரைக் கடிதத்தில் சொல்ல வேண்டும்: வகுப்பின் சராசரி சி பிளஸ், இவர் பி பிளஸ் வாங்கினார் என்ற ஒரு வரி உங்கள் ஒரு பக்கத்தை விட வலுவானது. கடிதம் கேட்கும்போது அந்த விவரத்தைக் குறிப்பிடும்படி தயங்காமல் கேளுங்கள்.

இந்தியாவில் பி.இ., பி.காம். முடித்து நேரடியாக ஜேடிக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு இந்தக் கணக்கே மாறும். வெளிநாட்டுப் பட்டத்துக்கு எல்எஸ்ஏசி 4.0 அளவில் ஜிபிஏ போடுவதில்லை. மிகச் சிறப்பு, சராசரிக்கு மேல், சராசரி, சராசரிக்குக் கீழ் என்று சொல்லாகவே மதிப்பிட்டு அனுப்பும். பள்ளியின் மீடியன் ஜிபிஏவை உங்கள் பட்டம் உயர்த்தாது, தாழ்த்தவும் செய்யாது. அதனால் எல்சாட்டின் எடை கூடிவிடும். அரியர் வைத்து எழுதிய தாள்கள் மதிப்பெண் பட்டியலில் இருந்தால் அவையும் போகும். டிரான்ஸ்கிரிப்டைப் பல்கலைக்கழகமே எல்எஸ்ஏசிக்கு நேரடியாக அனுப்ப வேண்டும். எல்எஸ்ஏசி இணையதளத்தில் உங்கள் பெயரிலுள்ள கணக்கில் கிடைக்கும் கோரிக்கைப் படிவத்தை அச்செடுத்து, விண்ணப்பங்கள் செப்டம்பரில் திறக்கும் முன், ஜூன் மாதமே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் கொடுத்துவிடுங்கள். இடங்கள் வர வர நிரம்பும் முறை என்பதால், டிரான்ஸ்கிரிப்ட் உறை பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தால் நல்ல எல்சாட் கூட முழுப் பயன் தராது.